குறித்தவர்கள் ஒரு பக்கம், பறந்தவர்கள் ஒரு பக்கம்

அவைத் தலைவர் அவர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போரில் அரசியல் தலைமை தலையிடலாமா என்று கேட்டால், தலையிட்டே ஆக வேண்டும் என்பதுதான் என் பதில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேசப்போவதைக் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் தளபதிகளிடமே ஒப்படைத்துவிடலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கொரியப் போரின் நடுவே, 1951 ஏப்ரலில், அமெரிக்கத் தளபதி ஜெனரல் மெக்ஆர்தரை அதிபர் ட்ரூமன் பதவிநீக்கம் செய்தார். போரைச் சீனாவுக்குள் கொண்டுபோகத் துடித்த தளபதியை, மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் தடுத்து நிறுத்தினார். சரியான காரியம். எதற்காகப் போர், எதுவரை போர் என்பதை அரசியல் தலைமைதான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் எந்த வழியாகப் போவது, எத்தனை மணிக்குப் போவது என்பது பறக்கிறவர்களின் பொறுப்பு. பிறகு வந்த வியட்நாம் போரில் வாஷிங்டன், அதாவது அமெரிக்க அரசு, முதல் கேள்விக்குத் தெளிவாக விடை சொல்லவில்லை. இரண்டாவதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. விலை கொடுத்தவர்கள் விமானிகள்.

தென் வியட்நாமுக்கு ஆதரவாக நின்ற அமெரிக்கா, வட வியட்நாம் மீது நடத்திய ‘ரோலிங் தண்டர்’ என்ற குண்டுவீச்சு 1965 மார்ச் 2 அன்று தொடங்கியது. இலக்குகள் பெரும்பாலும் வெள்ளை மாளிகையின் செவ்வாய்க்கிழமை மதிய உணவு மேசையில் முடிவாயின. அதிபர் ஜான்சன், பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா, வெளியுறவு அமைச்சர் ரஸ்க், பாதுகாப்பு ஆலோசகர் என்று சிலர் உட்கார்ந்திருப்பார்கள். 1967 இறுதிப் பகுதி வரை ராணுவத் தலைமைக்கு அங்கே நிலையான இடம் கிடையாது. தொடக்க மாதங்களில் தாக்க வேண்டிய நாளும் நேரமும்கூட அங்கிருந்தே வந்தன. அந்த நாளில் இலக்கின் மீது மேகம் கவிந்திருக்குமா என்பது மதிய உணவு மேசைக்கு எப்படித் தெரியும்?

வட வியட்நாமின் தலைநகர் ஹனோயைச் சுற்றி 30 கடல் மைலுக்கு ஒரு வட்டம், துறைமுக நகரம் ஹைபோங்கைச் சுற்றி இன்னொரு வட்டம், சீன எல்லையை ஒட்டி ஒரு பட்டை. வாஷிங்டனின் அனுமதியின்றி இவற்றுக்குள் தாக்கக் கூடாது. இதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1950இல் சீனப் படைகள் கொரியாவுக்குள் இறங்கியதை யாரும் மறந்திருக்கவில்லை. ஆனால் எந்த இடம் அடிபடாது என்பதை எதிரியும் வெகுசீக்கிரம் கற்றுக்கொண்டான். அடிபடும் இடத்துக்குப் பீரங்கிகளை நகர்த்தினான்.

ஏவுகணைக் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1965 ஏப்ரல் 5 அன்று, வட வியட்நாமில் விமானங்களை வீழ்த்தும் சோவியத் ஏவுகணைகளுக்கான தளம் ஒன்று கட்டப்பட்டுக்கொண்டிருப்பதை உளவு விமானம் படம் பிடித்தது. கட்டி முடிப்பதற்குள் அடித்துவிடலாம் என்று கேட்டார்கள். அனுமதி கிடைக்கவில்லை, அங்கே சோவியத் நிபுணர்கள் செத்தால் என்ன ஆவது என்ற பயம். ஜூலை 24 அன்று எஃப்-4 என்ற அமெரிக்கப் போர் விமானம் ஒன்று ஏவுகணையால் வீழ்ந்தது. இருந்த இருவரில் ஒருவர் இறந்தார், மற்றவர் கைதியானார். அதன் பிறகே அனுமதி வந்தது. ஜூலை 27 அன்று போய்ப் பார்த்தால், ஒரு தளத்தில் இருந்தது போலி ஏவுகணை, இன்னொன்று காலி. சுற்றிலும் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் காத்திருந்தன. அந்த ஒரே நாளில் ஆறு எஃப்-105 விமானங்களை இழந்தார்கள்.

அந்த ஏவுகணையைப் பறக்கும் தந்திக் கம்பம் என்பார்கள் விமானிகள். பத்து மீட்டருக்கு மேல் நீளம். அது நெருங்கும்வரை பொறுத்திருந்து, மூக்கைக் கீழே அழுத்தி, கடைசி நொடியில் வெட்டித் திருப்ப வேண்டும். அதன் குட்டை இறக்கைகளால் அவ்வளவு கூர்மையாகத் திரும்ப முடியாது. தப்பித்தோம் என்று மூச்சு விட்டால், உயரம் போயிருக்கும். பீரங்கிகளின் எல்லைக்குள் இறங்கியிருப்பார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு, இந்தத் தளத்தைக் கட்டும்போதே நம்மவர்கள் பார்த்தார்கள் என்பது தெரியும். எதிரியின் மிக் போர் விமானங்கள் விஷயத்திலும் இதே கதைதான். 1967 ஏப்ரல் வரை அவற்றின் தளங்களைத் தொடக் கூடாது. ஓடுபாதையில் நிற்பதைக் கண்ணால் பார்த்தாலும், அது மேலே எழும்பித் தன்னைத் தேடி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட விதிகள் மனிதர்களை என்ன செய்யும்? 1967 ஜூன் 2 அன்று, தாய்லாந்தின் தாக்லி தளத்திலிருந்து போன விமானங்கள் காம் பா துறைமுகத்தில் ‘துர்க்கெஸ்தான்’ என்ற சோவியத் கப்பலைச் சுட்டுவிட்டன. மாலுமி ஒருவர் இறந்தார். தளத்தின் துணைத் தலைவர் கர்னல் ஜாக் பிராட்டன், தன் விமானிகளைக் காப்பாற்ற, சுட்டதைப் பதிவு செய்திருந்த படச்சுருளை வெளிச்சத்தில் காட்டி அழித்தார். ராணுவ நீதிமன்றம் 600 டாலர் அபராதம் விதித்தது. அவர் செய்தது தவறு. செத்துப்போன மாலுமிக்கும் உண்மை கிடைத்திருக்க வேண்டும். ஆனால் கட்டுப்பாட்டிலேயே வளர்ந்த ஓர் அதிகாரி, எதிரிக்கு அஞ்சுவதைவிடத் தன் தலைமையகத்துக்கு அதிகம் அஞ்சும் நிலைக்கு வந்துவிட்டார் என்றால், அந்தப் படையில் நம்பிக்கை எந்த அளவுக்குச் செத்திருக்க வேண்டும்!

கீழே குண்டு விழுந்த வியட்நாம் மக்களை விட்டுவிட்டுப் போட்டவர்களுக்காக ஏன் உருகுகிறாய் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த மக்களின் துயரம் இதைவிடப் பெரியது. அதனால்தான் அடுத்ததைச் சொல்கிறேன். 1967 ஆகஸ்ட் 25 அன்று, அமெரிக்க செனட்டில் செனட்டர் ஸ்டென்னிஸின் விசாரணைக் குழு முன்பு மக்னமாரா சாட்சி சொன்னார். வடக்கிலிருந்து தெற்கே போருக்குப் போகும் சரக்கு மிகக் கொஞ்சம், எவ்வளவு குண்டு போட்டாலும் அதை நிறுத்த முடியாது என்பது அவர் வாதம். அவர் சொன்னது உண்மை என்றே நான் நினைக்கிறேன். அப்படியானால் மறுநாள் காலை விமானங்கள் எதற்காகக் கிளம்பின? நிறுத்தும் அறிவிப்பு 1968 அக்டோபர் 31 அன்றுதான் வந்தது. பதினான்கு மாதங்கள் கழித்து. அதுவரை மேலே இருந்தவனும் செத்தான், கீழே இருந்தவனும் செத்தான். மொத்தத்தில் வடக்கின் மேல் இழந்த அமெரிக்க விமானங்கள் 900க்கும் மேல்.

அரசியல்வாதிகளை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு இறங்கினால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆக மாட்டேன். 1972 டிசம்பரில், ஜான்சனுக்குப் பின் வந்த அதிபர் நிக்சன் கட்டுகளைப் பெருமளவு தளர்த்தி, பி-52 என்ற பெரிய குண்டுவீச்சு விமானங்களை ஹனோய்க்கு அனுப்பினார். இந்த முறை திட்டம் எழுதியது ராணுவமேதான். ஆனால் எழுதிய இடம், போர்க்களத்திலிருந்து வெகு தொலைவில், அமெரிக்காவின் ஒமாஹா நகரம். மூன்று இரவுகள் ஏறக்குறைய ஒரே பாதை, ஒரே உயரம், குண்டு போட்டதும் ஒரே திருப்பம். விமானம் சாய்ந்து திரும்பும்போது ரேடாரைக் குழப்பும் அலைகள் வேறு பக்கம் போய்விடும். ஏவுகணைக்காரர்களுக்கு அது போதும். மூன்றாவது இரவில் மட்டும் ஆறு பி-52கள் வீழ்ந்தன. அதன் பிறகே திட்டமிடும் வேலை பசிபிக் தீவான குவாமில், விமானங்கள் கிளம்பும் தளத்தில் இருந்தவர்களின் கைக்குப் பெருமளவு வந்தது. டிசம்பர் 26 இரவு 120 விமானங்கள் பல திசைகளிலிருந்து, பல உயரங்களில், கால் மணி நேரத்துக்குள் வந்து போயின. அன்று விழுந்தவை இரண்டு.