கீழே சொட்டினால் மேலே பாருங்கள் (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இந்த வாரம் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஆனால் ஒன்றைத்தான் எடுக்கப் போகிறேன். மூன்று நாளாக அது என் மண்டைக்குள் வண்டு மாதிரி குடைந்துகொண்டே இருக்கிறது. லெஸ்டரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். படிக்கிறேன், கேளுங்கள்.

"அண்ணா, என்னிடம் 1992 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. 1.6 லிட்டர் எஞ்சின். நிறுத்தி வைத்த இடத்தில் காலையில் பார்த்தால் ஐந்து பென்ஸ் காசு அளவுக்கு ஆயில் கறை. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்திலிருந்து சொட்டுகிறது. ஒரு கராஜில் காட்டினேன். ரியர் மெயின் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும், 900 பவுண்டு ஆகும் என்கிறார்கள். செய்யலாமா, இல்லை ஸ்டாப் லீக் என்கிற கசிவு நிறுத்தும் திரவத்தை வாங்கி ஊற்றிவிட்டுச் சும்மா இருக்கலாமா?"

தம்பி, இரண்டும் வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரியர் மெயின் சீல் என்பது கிராங்க் என்கிற சுழல் தண்டு எஞ்சினின் பின்பக்கம் வெளியே வருகிற இடத்தில் ஆயிலை அடைக்கிற ரப்பர் வளையம். அந்த கராஜ்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. கழுவிவிட்டுப் பார்த்தாரா? அதைத்தான் கேட்கிறேன்.

பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்திருக்கும். எங்கள் ஊர் ஓட்டு வீட்டுக் கதைதான். புதிதாக வந்தவர்களுக்காக இன்னொரு தடவை. மழைக்காலத்தில் கூடத்தின் நடுவில் ஒழுகும். அம்மா அதற்கு நேர் கீழே ஒரு குண்டான் வைப்பார். ஓடு மாற்றுகிறவர் வந்தால் அந்தக் குண்டானுக்கு நேர் மேலே உள்ள ஓட்டைத் தொடவே மாட்டார். முகட்டுப் பக்கம் ஏறிப் போய், ஆறடி தள்ளி ஒரு ஓட்டைப் புரட்டி, "இதுதான்" என்பார். உடைந்த ஓடு அங்கே. தண்ணீர் ரீப்பர் கட்டையைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்து, முடிச்சு இருக்கிற இடத்தில் கீழே விழும். எஞ்சின் ஆயிலும் அப்படித்தான். கசிகிற இடம் வேறு, சொட்டுகிற இடம் வேறு.

இந்தக் காரில் அது இன்னும் மோசம். எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. ஹெட், அதாவது எஞ்சினின் மேல்பகுதி, அதன் பின்பக்கம், எஞ்சினையும் நாம் உட்காருகிற இடத்தையும் பிரிக்கிற ஃபயர்வால் தகட்டை ஒட்டி, கண்ணுக்கே தெரியாத இடத்தில் கேம் ஆங்கிள் சென்சார் என்று ஒரு சாமான் செருகியிருக்கும். வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட் தண்டின் பின்முனைதான் அதைச் சுற்றும். எப்போது பிளக் பொறி விட வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கிறதே, அதுதான். அது ஹெட்டுக்குள் போகிற இடத்தில் ஒரே ஒரு ரப்பர் வளையம், ஓ-ரிங். முப்பது வருடச் சூட்டில் அந்த ரப்பர் செத்துப் போய்விடும். ஆயில் மெல்லக் கசிந்து, எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி, கியர்பாக்ஸின் கழுத்துக்கு வந்து அங்கே சொட்டும். கீழே படுத்துப் பார்க்கிறவருக்கு என்ன தெரியும்? எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடம் ஈரமாக இருக்கிறது. ரியர் மெயின் சீல்! எழுது பில்லை!

இது அபூர்வமான சங்கதி இல்லை. இந்த வண்டி வைத்திருக்கிறவர்கள் நடுவில் ரொம்பப் பேர் போன வியாதி. ஓ-ரிங் விலை இரண்டு மூன்று பவுண்டு.

சிரிக்காதீர்கள், நானே இதில் ஏமாந்தவன். எனக்கு முதலில் வாய்த்த எம்எக்ஸ்-5இல் இதே கசிவு. நான் ரியர் மெயின் என்று நினைக்கவில்லை, டேப்பெட் கவர் கேஸ்கட் என்று நினைத்தேன், ஹெட்டின் மேல்மூடிக்கு அடியில் கசியாமல் இருக்க வைக்கிற ரப்பர் பட்டை. புது கேஸ்கட் வாங்கி மாட்டினேன். மறுநாளும் கறை. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நின்றுவிடும் என்று ராட்செட்டைப் பிடித்து ஒரு இழு. டக். போல்ட் கையோடு வந்துவிட்டது, பாதி ஹெட்டுக்குள். அந்த போல்ட்டெல்லாம் 10 மில்லிமீட்டர் தலை உள்ள குட்டிச் சமாச்சாரம். 5 முதல் 9 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்கினால் போதும், அதாவது மணிக்கட்டு பலம்தான், தோள் பலம் இல்லை. உடைந்த போல்ட்டை எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. கடைசியில் செல்போனை வீடியோ எடுக்கிற மாதிரி வைத்து, டார்ச்சைப் போட்டு, எஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டு ஓட்டிப் பார்த்தேன். டேப்பெட் கவர் ஓரமெல்லாம் காய்ந்து கிடக்கிறது. சென்சாருக்கு அடியில் மட்டும் பளபளவென்று ஒரு சொட்டு தொங்கிக்கொண்டு நிற்கிறது. அதைப் பார்த்தபோது கோபம்கூட வரவில்லை, வெட்கமாக இருந்தது.

சரி, தம்பி செய்ய வேண்டியது என்ன? முதலில் கழுவுங்கள். டிகிரீசர் அடித்து, பிரஷ் போட்டு, எஞ்சினின் பின்பக்கத்தையும் கியர்பாக்ஸின் கழுத்தையும் சுத்தமாகத் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு பாதத்துக்குப் போடுகிற பவுடரை, அந்த ஸ்ப்ரே டப்பாவில் வருகிறதே, அதை வெள்ளையாக அடித்துவிடுங்கள். பத்து மைல் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். வெள்ளைமேல் பழுப்பாகக் கோடு விழுந்திருக்கும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள். ஈரம் இருக்கிற மிக உயரமான இடம் எதுவோ, அதுதான் உங்கள் உடைந்த ஓடு. வண்டிக்கு அடியில் போகிறீர்கள் என்றால் ஆக்ஸில் ஸ்டாண்ட் என்கிற இரும்பு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வெறும் ஜாக்கை நம்பித் தலையைக் கொடுக்காதீர்கள்.

விரலில் எடுத்து முகர்ந்தும் பாருங்கள். கியர் ஆயில் என்றால் அழுகின முட்டை மாதிரி ஒரு கந்தக வாடை வரும், மறக்கவே முடியாது. எஞ்சின் ஆயிலில் அது இருக்காது. கியர்பாக்ஸ் சொட்டுவதற்கு எஞ்சினைத் திட்டிக்கொண்டிருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கோடு சென்சாருக்குப் போகிறது என்று வையுங்கள். எஞ்சின் ஆறின பிறகு கை வையுங்கள். சென்சார் இருக்கிற நிலையை ஒரு பெயிண்ட் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், சென்சார்மேல் பாதி, ஹெட்மேல் பாதி. இதை மறந்தால் பின்னால் அழ வேண்டும், ஏனென்றால் அதைத் திருப்பித்தான் இக்னிஷன் டைமிங், அதாவது பொறி விழுகிற நேரம், வைப்பது. வயர் கனெக்டரைக் கழற்றுங்கள். 12 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று பிடித்திருக்கும். பக்கத்திலேயே ஹீட்டர் ஹோஸ், ஃபயர்வால், எல்லாம் நெருக்கடி. விரல் முட்டித் தோல் கொஞ்சம் போகும். போல்ட் வந்ததும் சென்சாரை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி நேராகப் பின்னால் இழுங்கள். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்ப வேண்டாம்.

அந்தப் பழைய ஓ-ரிங்கைப் பார்க்க வேண்டும் நீங்கள். உருண்டையாக இருக்க வேண்டியது, பள்ளத்தில் அழுந்தி அழுந்திச் சப்பட்டையாகியிருக்கும். ரப்பர் என்றே சொல்ல முடியாது. ஊசியால் கிளப்பினால் கண்ணாடி வளையல் மாதிரி பட்டென்று ஒடியும். பள்ளத்தைத் துணியால் துடைத்துவிட்டுப் புது ரிங்கைப் போடுங்கள். சாதாரண நைட்ரைல் வேண்டாம், வைட்டான் என்று கேட்டு வாங்குங்கள், அது சூட்டைத் தாங்கும். சுத்தமான எஞ்சின் ஆயிலை ரிங்மேல் தடவிவிட்டுச் செருகுங்கள். சென்சாரின் நாக்கு நடுவிலிருந்து சற்றே விலகியிருக்கும், அதனால் ஒரு பக்கமாகத்தான் உட்காரும். உட்காரவில்லை என்றால் அரைச் சுற்று சுற்றிப் பாருங்கள். தட்டி ஏற்றாதீர்கள். கோட்டுக்குக் கோடு சேர்த்து போல்ட்டை முடுக்கினால் வேலை முடிந்தது.

அந்த நேரத்தைக் காட்டுகிற டைமிங் லைட் இருந்தால் ஒரு தடவை சரிபார்ப்பது நல்லது. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். எஞ்சின் அறையில் இருக்கிற டயக்னாஸ்டிக் பெட்டிக்குள் டி-இ-என், ஜி-என்-டி என்று இரண்டு துளைகள் இருக்கும். இரண்டையும் ஒரு வயரால் இணைத்துவிட்டுப் பார்த்தால் 10 டிகிரி காட்ட வேண்டும். கம்பெனி வைத்தது அதுதான்.

ஸ்டாப் லீக் பற்றிக் கேட்டாரே. அதில் இருப்பது ரப்பரை ஊற வைக்கிற திரவம். காய்ந்த சீல் கொஞ்சம் உப்பி, கொஞ்ச நாளைக்குக் கசிவு நிற்கவும் நிற்கலாம். ஆனால் எந்த ரப்பர் கசிகிறது என்று அதற்குத் தெரியாது. நன்றாக இருக்கிற ரப்பரையும் சேர்த்துத்தான் ஊற வைக்கும். மூன்று பவுண்டு ரிங்குக்காக எஞ்சின் முழுவதற்கும் மருந்து கொடுப்பானேன்?

இத்தனூண்டு கசிவை விட்டுவிட்டால்தான் என்ன என்று ஒருவர் கேட்பார், ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்கள். இங்கே பிரிட்டனில் வருடா வருடம் வண்டிக்குச் செய்கிற எம்ஓடி சோதனையில் கசிவுக்காக ஃபெயில் செய்ய வேண்டுமானால் ஐந்து நிமிடத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாகக் குட்டை தேங்க வேண்டும். தம்பியின் வண்டி அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் சென்சாருக்குக் கீழே ஹீட்டர் ஹோஸ் போகிறது என்று சொன்னேன் இல்லையா? எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் ஓடுகிற அந்த ஹோஸின் ரப்பருக்கு ஆயில் ஆகாது. ஊறி ஊறிப் பஞ்சு மாதிரி ஆகிவிடும். ஆயில் சொட்டினால் தரை கறையாகும், அவ்வளவுதான். ஹோஸ் வெடித்தால் எஞ்சின் கொதித்து ஹெட் போய்விடும். அதற்காகத்தான் அடைக்கச் சொல்கிறேன்.

ஆயில் சொட்டினால் கவலைப்படுகிறார் பாருங்கள் தம்பி, அதுவே இந்த வண்டிக்குக் கிடைத்த மரியாதை. என் தெருவில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் எம்ஜி மிட்ஜெட் என்கிற பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருக்கிறார். வண்டிக்கு அடியில் எப்போதும் ஒரு கேக் சுடுகிற தட்டு. "சொட்டவில்லை என்றால்தான் பயப்படுவேன், உள்ளே ஆயில் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்" என்பார். இந்த நாட்டின் பழைய ஜோக் அது. ஆனால் காரணம் இருக்கிறது. அந்த எஞ்சினில் கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. கிராங்க்கிலேயே மரை மாதிரி ஒரு சுருள் வெட்டியிருப்பார்கள். கிராங்க் சுற்றும்போது அந்த மரை ஆயிலைத் திரும்ப உள்ளே தள்ளும். அழகான யோசனை, ஆனால் வண்டியை நிறுத்தினால் மரையும் நின்றுவிடும், மிச்ச ஆயில் வெளியே வந்துதானே ஆக வேண்டும்? 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் மாஸ்டா இந்தக் குட்டிக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது ஜனங்கள் மயங்கினதற்கு அதுவும் ஒரு காரணம். கூரை திறக்கிற பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டரின் ருசி இருக்கிறது, தரையில் தட்டு வைக்க வேண்டாம்! 2016இல் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது.

எங்கேயோ போய்விட்டேன். தம்பி கேட்டது எப்படி அடைப்பது என்று. என்னைக் கேட்டால், கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. ஆயில் ஏன் வெளியே வரத் துடிக்கிறது? அதை யாருமே கேட்பதில்லை.

எஞ்சினுக்குள் வெடிக்கிற வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும், புது எஞ்சினிலும் இறங்கும். அது போக வழி வேண்டும். அதற்குத்தான் டேப்பெட் கவரில் பிசிவி வால்வு என்று ஒன்று, கட்டைவிரல் அளவுதான், வாயுவை எஞ்சின் காற்று இழுக்கிற இன்டேக்குக்கு இழுத்துக் கொடுக்கும். அது கசடு பிடித்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறினால் எந்த ரப்பர் பலவீனமோ அதைத் தள்ளிக்கொண்டு ஆயில் வரும். இன்று சென்சார் ரிங், அதை மாற்றினால் நாளை முன்பக்க சீல். இந்த வண்டியை ஏழாயிரம் ஆர்பிஎம் வரைக்கும் விரட்டத்தானே வாங்குகிறோம்? விரட்ட விரட்ட அந்த வாயு அதிகமாகும்.

பார்ப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. வால்வைப் பிடுங்கிக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வர வேண்டும். சத்தமே இல்லை என்றால் புதிது போடுங்கள். அடுத்து, ஐடிலில் ஓடும்போது ஹோஸோடு இருக்கிற வால்வின் வாயில் விரலை வைத்தால் உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். அது உட்கார்கிற ரப்பர் புஷ்ஷும் முப்பது வருடத்தில் கல்லாகியிருக்கும், அதையும் சேர்த்தே வாங்குங்கள். ரிங் மாற்றுகிற அன்றே இதையும் முடித்துவிடலாம்.

ஆயில் அளவு காட்டுகிற டிப்ஸ்டிக் கம்பியைக் கடைசியாக எப்போது பார்த்தார் என்று தம்பி எழுதவில்லை. இந்த எஞ்சின் குடிப்பதே மூன்றரை லிட்டர் சொச்சம்தான், அதில் அரை லிட்டர் குறைந்தாலே பெரிய விஷயம். காலையில் டிக் டிக்கென்று மேலே சத்தம் கேட்க ஆரம்பித்தால் முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

இத்தனையும் செய்து, பவுடர் போட்டுப் பார்த்து, மேலே எல்லாம் காய்ந்திருந்து, பெல் ஹவுசிங், அதாவது எஞ்சினோடு சேருகிற கியர்பாக்ஸின் கூடு, அதற்கு உள்ளேயிருந்துதான் ஆயில் வருகிறது என்றால், சரி, கராஜ்காரர் சொன்னது நிஜம். அப்போது கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும், இறக்குகிற சாக்கில் கிளட்ச்சையும் மாற்றிவிடுங்கள். ஆனால் அந்தப் பழைய ஓ-ரிங்கை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் தம்பி. வளைத்துப் பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஒடிந்ததா, வளைந்ததா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.