நம்பர் இல்லாத வீட்டுக்குத் தபால் எப்படி வரும்?

(மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, மழையையும் பாராமல் வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

தபாலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். "இந்தக் காலத்தில் யார் ஐயா கடிதம் போடுகிறார்கள்?" என்று வாசலிலேயே ஒரு தம்பி கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1960-களில் இந்த நாட்டின் பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்பு அமைச்சர் யார்? நம் ஊர்க்காரர், துன் வீ.தி. சம்பந்தன். ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்ட நேரத்தில் பாட்டாளியிடம் தலைக்குப் பத்து வெள்ளி வாங்கி 1960-ல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். நாட்டுத் தபாலும் அவர் கையில் இருந்ததை மட்டும் விட்டுவிடுகிறோம். அப்போது தபால் அரசாங்க இலாகா. கடிதம் வரவில்லை என்றால் நாடாளுமன்றத்தில் எழுந்து பதில் சொல்ல ஓர் அமைச்சர் இருந்தார்.

1992 ஜனவரி முதல் தேதி அந்த இலாகா போஸ் மலேசியா என்ற நிறுவனமானது. 2011-ல் அரசாங்க முதலீட்டு நிறுவனமான கசானா தன்னிடமிருந்த 32 விழுக்காட்டுப் பங்கை டிஆர்பி-ஹைகோமுக்கு விற்றது. இன்று பெரும்பான்மைப் பங்கு அந்தக் குழுமத்திடம். புரோட்டோன் காரும் அவர்களுடையது, போஸ் மலேசியாவும் அவர்களுடையது. நிறுவனமாக இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நிறுவனம் என்றால் லாபம் பார்க்கும். தபாலுக்கோ லாபத்தைத் தாண்டிய ஒரு கடமை உண்டு: நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே கட்டணம். இங்கிருந்து பக்கத்துக் குடியிருப்புத் தாமானுக்கு ஒட்டும் தபால் தலையையே சரவாக்கின் ஆற்றங்கரை நீளவீட்டுக்கும் ஒட்டலாம். அந்தக் கடமைக்கு யார் பணம் கட்டுவது? இன்றைய என் பேச்சே இதுதான்.

முன்பு இதற்குச் சத்தமில்லாத ஓர் ஏற்பாடு இருந்தது. கோலாலம்பூர் வங்கிகள் மாதம் தவறாமல் கணக்கு அறிக்கை அனுப்பும், தொலைபேசி நிறுவனங்கள் பில் அனுப்பும். கட்டுக்கட்டாகப் போகும் அந்தக் கடிதங்களுக்குச் செலவு குறைவு, வரவு அதிகம். அந்த வரவில்தான் உள்ளே தள்ளியிருக்கும் தோட்டத்துக்கு ஒற்றைக் கடிதம் எடுத்துக்கொண்டு மோட்டார்சைக்கிள் வந்தது. பிறகு வங்கிகள் காகிதம் வேண்டாம் என்றன. கைப்பேசியிலேயே எல்லாம். கட்டு போய்விட்டது, ஒற்றைக் கடிதம் மட்டும் நின்றது. மோட்டார்சைக்கிள் அதே தூரம் ஓடுகிறது, பெட்ரோல் அதே பெட்ரோல்.

பார்சல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. இணையத்தில் சேலை வாங்காத வீடு இங்கே எது? ஆனால் தனியார் கூரியர்களுக்கு எல்லா முகவரிக்கும் போகும் கட்டாயம் கிடையாது. வீடு நெருங்கியிருக்கும் பட்டணத்தில் சுறுசுறுப்பாக ஓடுவார்கள். ஆடு ஒன்றுதான், தொடைக்கறி அவர்களுக்கு, எலும்பு போஸ் மலேசியாவுக்கு. அண்மை ஆண்டுகளில் அது நட்டத்தில் ஓடுவதற்கு நிர்வாகக் கோளாறு எவ்வளவு காரணமோ தெரியாது, இது பெரிய காரணம்.

2010 ஜூலையில் சாதாரணக் கடிதத்துக்கு 30 சென் தலை 60 சென் ஆனது. அப்போது நிறையப் பேர் திட்டினார்கள். இருமடங்கு ஏற்றியும் கணக்கு நேராகவில்லை. விலையை ஏற்ற ஏற்றக் கடிதம் குறைகிறது, கடிதம் குறையக் குறைய ஒவ்வொன்றின் செலவும் ஏறுகிறது. இங்கிலாந்தைப் பாருங்கள். 2013-ல் ராயல் மெயிலைத் தனியாரிடம் கொடுத்தார்கள். 2025-ல் முதல் வகுப்புத் தலை 1 பவுன் 70 பென்ஸ். அந்தக் காசு கொடுத்தும் 2024-25-ல் முதல் வகுப்புக் கடிதங்களில் 77 விழுக்காடுதான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன, இலக்கு 93. அவர்களுடைய கட்டுப்பாட்டு ஆணையம் 2 கோடியே 10 லட்சம் பவுன் அபராதம் போட்டது. அபராதத்தை விட எனக்குப் பிடித்தது அந்த 77 என்ற எண் ஊருக்கே தெரிந்ததுதான். நம் நாட்டில் மேற்பார்வை மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் இருக்கிறது, 2012 தபால் சேவைச் சட்டமும் இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் போட்ட கடிதம் எத்தனை நாளில் சேருகிறது என்று நம் போஸ் ஆபீஸ் சுவரிலேயே ஒட்டச் சொல்ல வேண்டும். நாட்டுச் சராசரி நமக்கு எதற்கு? அதில் பெட்டாலிங் ஜெயா நம்மைத் தூக்கிவிடும்.

டென்மார்க்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1624-ல் தொடங்கிய தபால் அது. 2000-த்துக்குப் பிறகு கடிதம் 90 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. 2024-ல் எல்லா முகவரிக்கும் போகும் கடமையைச் சட்டத்திலிருந்தே எடுத்தார்கள், 2025 இறுதியோடு அவர்களுடைய தபால் நிறுவனமான போஸ்ட்நோர்ட் கடிதம் கொடுப்பதையே நிறுத்திக்கொண்டது. நாமும் அப்படிச் செய்தால் என்ன என்று கேட்கிறவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். அங்கே 2014-லேயே குடிமக்களுக்கு அரசாங்க மின்பெட்டியைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். இங்கே நம் பாட்டியிடம் இருப்பது பேரன் வாங்கிக் கொடுத்த ப்ரீபெய்டு நம்பர். டாப்-அப் போட மறந்தால் நம்பரே போச்சு. போதாக்குறைக்கு, 'உங்கள் பார்சல் காத்திருக்கிறது, இந்த இணைப்பை அழுத்துங்கள்' என்று வரும் மோசடிக் குறுஞ்செய்தி வேறு. எது நிஜம், எது பொய் என்று அந்த அம்மாவுக்கு யார் சொல்வது?

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். பின்னால் கேட்கிறதா? சரி.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், தபால் யார் வீட்டுக்கும் வந்ததில்லை, ஆபீசுக்குத்தான் வந்தது. தோட்டக் குமாஸ்தா, அதாவது கிராணியார், பையைக் கொட்டிப் பிரித்து வைப்பார். ரப்பர்ப் பால் நிறுக்கிற நேரத்தில் பெயரைக் கூப்பிடுவார்கள், பால் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வாங்க வேண்டும். அந்தக் காலத்தில் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் ஓடிய 'ரஜுலா' கப்பலில் ஆளும் வந்தது, தபாலும் வந்தது. படிக்கத் தெரியாதவருக்குப் படித்துச் சொன்னதும் கிராணிதான், பதில் எழுதியதும் அவர்தான். ஊருக்கு மணியார்டர் போனதும், தபால் சேமிப்பு வங்கியில் நாலு காசு சேர்ந்ததும் இதே வழியில்தான். அந்தச் சேமிப்பு வங்கிதான் 1974 டிசம்பரில் பேங்க் சிம்பானான் நேஷனல் ஆனது. இன்று அரசாங்க உதவித் தொகைக்கு நீங்கள் வரிசையில் நிற்கிறீர்களே, அதே பி.எஸ்.என்.

சிலர் இதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. கிராணிக்குப் பிடிக்காத ஆளின் கடிதம் மேசை இழுப்பறையிலேயே கிடந்ததும் உண்டு. யூனியன் கடிதம் வந்தால் தோட்ட நிர்வாகியான துரைக்கு முதலில் தெரிந்ததும் உண்டு. உன் கடிதம் இன்னொருவர் கையைத் தாண்டித்தான் உனக்கு வரும் என்றால் அது பாதித் தபால்தான்.

அந்தப் பாதி இன்னும் முடியவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் முப்பது வீடு இருக்கும், அடையாள அட்டையில் முப்பதுக்கும் ஒரே முகவரி: லாடாங், அதாவது தோட்டத்தின் பெயர், பிறகு 31100 சுங்கை சிப்புட். தோட்டம் கைமாறும், ஆபீசைப் பூட்டுவார்கள், கிராணி வேலையே இல்லாமல் போகும், முகவரி மட்டும் அப்படியே இருக்கும். தபால்காரர் எங்கே கொடுப்பார்? காவலாளியின் ஜாகா கொட்டகையில் கொடுப்பார், இல்லையென்றால் சந்தி மளிகைக் கடையில். போன வருடம் அப்படி ஒரு கடையில் நின்றேன். பிஸ்கட் டின்னுக்கும் தராசுக்கும் நடுவில், ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு. மேலே இருந்த உறையில் ஈரம் பட்டு மை கலைந்திருந்தது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் கடிதம். முதுகு ஒடிந்துபோன ஒரு பெரியவருக்கு மருத்துவக் குழு கொடுத்த தேதி. தேதி தாண்டிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அவர் குடியிருப்பது அந்தக் கடைக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில். தோட்ட நிர்வாகத்தைக் கேட்டால், பெயர் வேண்டாம், "கடிதத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்கிறார்கள். தபால்காரரைக் கேட்டால், "வீட்டு நம்பர் இல்லையே அண்ணே" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரி. பெரியவருக்குப் பணம் மட்டும் வரவில்லை.

தம்பி, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். கடிதம் போடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மிச்சம் வருவதெல்லாம் பெர்கேசோ, நீதிமன்றம், பதிவிலாகா, சேமநிதி. காதல் கடிதம் தாமதமானால் சண்டையோடு போகும். இவை தாமதமானால் சோறு போகும்.

ஆகவே நான் கேட்பது: கடைசி வீடு வரை போகும் செலவை அரசாங்கம் பட்ஜெட்டில் வெளிப்படையாக எழுதிக் கொடுக்கட்டும். தலை விலையில் ஒளித்து வைக்க வேண்டாம். தனியார் கூரியர்களும் அதற்கென ஒரு பங்கு கட்டட்டும். போஸ் ஆபீஸ் கவுண்டரையும் காப்பாற்ற வேண்டும். 2023 பிப்ரவரியில் சாலை வரி ஒட்டுத்தாளைக் காரில் ஒட்ட வேண்டாம் என்றார்கள். வசதிதான். ஆனால் கவுண்டருக்கு வந்துபோன கூட்டத்தில் அது ஒரு பகுதி. கைப்பேசியில் முடியாதவர்களுக்கு அந்தக் கவுண்டரில் உள்ள பெண்தான் அரசாங்கம்.

பட்ஜெட் நம் கையில் இல்லை, வீட்டு நம்பர் கொஞ்சம் நம் கையில் இருக்கிறது. தோட்டக் குடியிருப்புக்கான 446-வது சட்டம் வீடு, தண்ணீர், சுகாதாரம் பற்றியெல்லாம் பேசுகிறது. அந்த வரிசையில் வீட்டு எண்ணையும் பூட்டுள்ள தபால் பெட்டியையும் சேர்க்கச் சொல்லி மனிதவள அமைச்சுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். கோலகங்சார் நகராண்மைக் கழகத்துக்கு இன்னொன்று. வாசல் பக்கம் மேசையில் இரண்டும் இருக்கின்றன. எந்தத் தோட்டம், எத்தனையாவது வரிசை, இப்போது கடிதம் எங்கே கிடக்கிறது என்று மூன்று கேள்விதான். எழுதத் தெரியாதவர்களுக்கு நம் படிவம் ஆறு மாணவர்கள் எழுதித் தருவார்கள். கையெழுத்து மட்டும் நீங்களே போடுங்கள்.

தேநீருக்கு முன்னால் கேள்வி இருந்தால் கேட்கலாம். அந்தத் தம்பிக்கு முதல் வாய்ப்பு.