கதிர்க்கொத்து தொங்குது, குருவி எங்கே?

[காட்சி: தாழ்வாரத்து உத்தரத்துல பின்னிக் கட்டின நெற்கதிர்க் கொத்து. காத்துல லேசா ஆடுது.]

தை மாசம் சம்பா அறுத்ததும் நல்ல கதிராப் பொறுக்கி, பின்னி, குருவி கொத்தட்டும்னு வாசல்ல கட்டுற பழக்கம் எங்க மன்னார்குடிப் பக்கத்துல இருக்கு. எங்க அப்பாயி அதைக் கட்டாம புது அரிசியை உலையில போட மாட்டாங்க.

இப்பவும் கட்டுறோம். ஆனா குருவி வரலைங்கிறாங்க. டெல்டாவுல நெல்லுக்கா பஞ்சம்? களத்துல சிந்துறது, ரோட்டுல காயுறது, கொள்முதல் நிலையத்து வாசல்ல இறைஞ்சு கிடக்கிறது, எங்க பார்த்தாலும் தானியம்தான். குருவிக்கு இங்க குறையுறது ரெண்டு: முட்டையிட ஒரு சந்து, குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி.

[காட்சி: பழைய நாட்டு ஓட்டு வீடு. கூரையோட அடிப்பக்கம்.]

ஓட்டுக்கும் மூங்கில் வரிச்சுக்கும் நடுவுல கை நுழையிற அளவு இடைவெளி தெரியுதா? சிட்டுக்குருவி பெரும்பாலும் கூடு வைக்கிறது இப்படி மனுஷன் வீட்டுச் சந்துலதான். தளம் போட்ட வீட்ல அது கிடையாது. அதனால நாமதான் பெட்டி வைக்கணும்.

[காட்சி: பலகைப் பெட்டி. ஓட்டையை ஸ்கேல் வெச்சு அளக்குறோம்.]

ஓட்டை 32 மில்லிமீட்டர். இதுல தாராளம் காட்டாதீங்க. நான் முதல்ல செஞ்சதுல கொஞ்சம் பெருசாப் போட்டுட்டேன், மைனா குடிவந்துருச்சு. மைனாவும் நம்ம பறவைதான், ஆனா குருவிக்குன்னு வெச்ச இடம் போச்சே. ஓட்டைக்குக் கீழ குச்சி வைக்கிறாங்க பாருங்க, அது வேண்டவே வேண்டாம். குருவி விளிம்பைப் பிடிச்சே உள்ளே போயிரும். குச்சி இருந்தா காக்கா உக்காந்து குஞ்சை இழுக்க வசதியாப் போயிரும்.

தகரம், பிளாஸ்டிக் ரெண்டும் வேண்டாம், சித்திரை வெயில்ல குஞ்சு வெந்துரும். தரையிலேர்ந்து 8 அடிக்கு மேல, சன்ஷேடுக்கு அடியில நல்லா உள்ளே தள்ளி மாட்டுங்க. மேக்கால வெயிலும் படக்கூடாது, ஐப்பசி கார்த்திகையில வடகிழக்குலேர்ந்து அடிக்கிற சாரலும் படக்கூடாது. ஃபேன் சுத்துற அறைக்குள்ள மட்டும் மாட்டிராதீங்க. ஃபேன்ல அடிபட்டு விழுந்த குருவியைக் கையில எடுத்திருக்கேன், அதனால சொல்றேன்.

[காட்சி: கொல்லை. அவரைப் பந்தல், கறிவேப்பிலை, வாழை.]

அடுத்தது பூச்சி. பெரிய குருவி நெல்லு கொத்தும். கூட்டுல இருக்கிற குஞ்சுக்கு முதல் நாளுங்கள்ல மெத்துன்னு இருக்கிற புழு பூச்சிதான் வேணும். முட்டை பொரிய ஏறக்குறைய 2 வாரம், குஞ்சு பறக்க இன்னும் 2 வாரம். பந்தலுக்கு மருந்து அடிச்சு வெச்சா தாய்க்குருவி வெறும் அலகோடதான் திரும்பும். நாலு அவரைக்காய்ல புழு இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே.

தீனி வைக்கணும்னு ஆசைப்பட்டா நொய், கம்பு, தினை, ஒரு கைப்பிடி போதும். மிக்சர், உப்புப் போட்டது, புளிச்ச சோறு வேண்டாம். தட்டுல எச்சம் சேர விடாதீங்க, சீக்கு பரவும். பங்குனி பிறந்தா தீனியை விடத் தண்ணிதான் முக்கியம். அகலமான மண்சட்டி, ரெண்டு விரற்கடை ஆழம், நடுவுல ஒரு கல்லு. தினமும் கழுவி மாத்தினா கொசுவும் சேராது. பூனை பதுங்குற புதர் பக்கத்துல வைக்காதீங்க.

[காட்சி: தென்னந்தோப்பு. கொண்டை இல்லாத மொட்டை மரம். மேல ஒரு பொந்து.]

இந்த மரத்தை வெட்டச் சொல்லிப் பலபேரு சொன்னாங்க. 2018 நவம்பர் 16, கஜா புயல். லட்சக்கணக்கான தென்னை சாஞ்ச ராத்திரி அது. இதுக்குக் கொண்டை மட்டும் போச்சு. பட்ட மரத்தை மரங்கொத்தி குடைஞ்சு குஞ்சு பொரிச்சுட்டுப் போச்சு. அது விட்டுப்போன பொந்துல மைனா வந்துச்சு, பிறகு பச்சைக்கிளி. எந்தத் தச்சராலயும் இவ்வளவு நல்ல பெட்டி செய்ய முடியாது. வீட்டு மேல விழுற தூரத்துல இல்லைன்னா பட்ட மரத்தை நிக்க விடுங்க. தூக்கணாங்குருவி நம்ம பெட்டிக்கு வராது. வாய்க்கால் ஓரத்து ஈச்ச மரத்தை வெட்டாம இருந்தாலே அதுக்குப் போதும்.

கூகைங்கிற ஆந்தையையும் சொல்லணும். அலறினா சாவு வரும்னு கல்லெடுத்து அடிக்கிறாங்க. மனசு கஷ்டமா இருக்கு. குறுவையோ சம்பாவோ, நம்ம பயிரை வெட்டுற எலியை ராத்திரியில பிடிக்கிறது அதுதான். வயல்ல டி வடிவக் கம்போ, தலைகீழா நட்ட தென்னை மட்டையோ இருந்தா உக்காந்து வேட்டையாடும். ஆனா எலிமருந்து தின்னு தள்ளாடுற எலியைப் பிடிச்சா அந்த விஷம் கூகைக்கும் ஏறும்.

கடைசியா ஒரு விஷயம். எங்க குருவிப்பெட்டி ஏழு மாசம் காலியாவே தொங்குச்சு. இடம் மாத்தலாமான்னு தோணும், மாத்தாதீங்க. ஆவணியில ஒரு நாள் காலையில, தொண்டையில கறுப்பு இருக்கிற ஆண்குருவி ஒண்ணு வந்து ஓட்டைக்குள்ள தலையை விட்டுப் பார்த்துட்டுப் போச்சு.

[காட்சி: பெட்டி. அலகுல வைக்கோல் துரும்போட ஆண்குருவி.]

மறுநாள் எடுத்தது இது.