15 நாள் கூலி: முன்னாலா, பின்னாலா?

நடுவர் அவர்களே, வேலூர்ப் பெருமக்களே, வணக்கம்.

எந்திரம் மாறும்போது தொழிலாளி புதிதாகக் கற்றுக்கொள்வது அவரவர் முயற்சியாலா, அரசும் ஆலையும் செய்து தரும் ஏற்பாட்டாலா? இதுதான் இன்றைய கேள்வி. ஏற்பாட்டால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் சற்றுமுன் சொன்னார்: "கையில் போன் இருக்கிறது, யூடியூபில் எல்லாமே இருக்கிறது, மனசு வைத்தால் போதும்." ஆம்பூருக்கு ஒருநாள் வாருங்கள் ஐயா. விடிந்தும் விடியாமலும் கம்பெனி வேன் ஏறி, நாள் முழுக்க ஷூவின் மேல்பாகம் தைத்து, இருட்டிய பிறகு ஊர் திரும்பி உலை வைக்கிற பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவளுக்கு மனசு இருக்கிறது, நேரம்தான் இல்லை.

என் சித்தப்பா அங்கே ஒரு ஷூ கம்பெனியில் 26 வருடம் கட்டிங்கில் இருந்தவர். தோலை மேஜையில் விரித்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் தளர்ச்சி. எந்தப் பக்கம் இழுத்தால் நீளும், எங்கே முள் கீறியிருக்கிறது, எங்கே உண்ணி கடித்த தழும்பு, எல்லாம் கைக்கே தெரியும். ஷூவின் முன்பாகத்துக்கு முதுகு, உள்ளே மறையும் நாக்குக்கு வயிறு என்று பிரித்து வெட்டுவார்.

கம்ப்யூட்டர் கட்டிங் மெஷின் வந்தது. விற்றவர்கள் அனுப்பிய இளைஞர் மூன்று நாள் தங்கிக் கற்றுத் தந்தார், புதிதாகச் சேர்ந்த இரண்டு டிப்ளமோ பையன்களுக்கு. திரை முழுக்க ஆங்கிலம். சித்தப்பாவைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டே மாதத்தில், தழும்பு விழுந்த துண்டுகள் ஷூவின் முகப்பில் வர ஆரம்பித்தன. இடம் வீணாகாமல் துண்டுகளை அடுக்க அந்த மெஷினுக்குத் தெரியும். ஆனால் பழுது எங்கே என்று ஆள்தான் குறித்துத் தர வேண்டும். அப்புறம் சித்தப்பாவைக் கூப்பிட்டு மெஷினுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். குறித்துக் கொடுத்தார். சம்பளம் மட்டும் பேக்கிங் சம்பளம்தான். பாதி வேலை தெரிந்த மனிதருக்கு மீதிப் பாதியைச் சொல்லித்தர யாருக்கும் தோன்றவில்லை. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2022-இல் 'நான் முதல்வன்' என்ற திறன் பயிற்சித் திட்டம் வந்தது. 71 அரசு ஐடிஐ-க்களில் டாடா டெக்னாலஜிஸ் துணையோடு ரோபோவும், கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடும் சிஎன்சி மெஷினும் வந்திருக்கின்றன. நல்ல காரியம், மனதார வாழ்த்துகிறேன். ஆனால் இவை பெரும்பாலும் வேலைக்கு வரப்போகிற பிள்ளைகளுக்கு. வேலையில் இருக்கிற 48 வயதுக்காரர் எந்த வாசலில் போய் நிற்பது? சிங்கப்பூர் 2015-இல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்று ஒரு திறன் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கி, 25 வயது நிறைந்த குடிமக்களுக்குப் படிக்க 500 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், கொடுத்தது. 2024-இல், 40 வயது நிறைந்தவர்களுக்கு என்றே மேலும் 4,000 வெள்ளி சேர்த்தது. நடு வயதில்தான் அடி விழும் என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

நம் சட்டத்தையும் பாருங்கள். ஆட்குறைப்பில் கொண்டுபோய் விடக்கூடிய எந்திர மாற்றத்துக்கு 21 நாள் முன்பே தொழிலாளிக்கு நோட்டீஸ் தர வேண்டும் என்று 1947-இன் தொழில் தகராறு சட்டமே சொன்னது. 2020-இன் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அதை வைத்திருக்கிறது. அதன் 83-ஆம் பிரிவில், வேலை இழந்தவர் புதுத் திறன் கற்க மறுதிறன் நிதி என்று ஒன்றும் உண்டு. பெயர் கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் உள்ளே என்ன? ஆட்குறைப்பு செய்த பிறகு, 45 நாளுக்குள், அந்தத் தொழிலாளியின் கணக்கில் 15 நாள் கூலி. வேலை போன வீட்டில் அந்தப் பணம் மளிகைக் கடைக்குப் போகுமா, கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகுமா?

மணி அடித்துவிட்டது, முடித்துக்கொள்கிறேன். எந்திரம் வரும் என்று 21 நாள் முன்னாலேயே தெரிகிறது. 15 நாள் கூலி கொடுக்கவும் சட்டம் இருக்கிறது. அந்தக் கூலியை முன்னால் கொண்டு வாருங்கள். அந்த 15 நாளும், தமிழில் எழுதிய திரைக்கு முன்னால் சித்தப்பா உட்காரட்டும், சம்பளத்தோடு. எங்கள் அணி கேட்கிற ஏற்பாடு இதுதான், நடுவர் அவர்களே.