கூட்டம் கூடினால் செலவும் கூடும்

(பெங்களூரு அல்சூரில், தமிழ் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இணையத் தொலைக்காட்சியின் எதிர்காலம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எதிர்காலம் சொல்ல இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கோரமங்களாவில் எந்தக் காபிக் கடையில் உட்கார்ந்தாலும் பக்கத்து மேசையில் ஒருவர் மடிக்கணினியைத் திறந்து வைத்து, முதலீட்டாளரிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். நான் காணொளிப் பொறியியலில் வேலை பார்ப்பவன். எனக்குத் தெரிந்தது செலவுக் கணக்கு. இந்தத் தொழிலில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட பலருக்கு நல்ல நிகழ்ச்சி எது என்பது நன்றாகவே தெரிந்திருந்தது. கணக்குதான் உதைத்தது.

டெல்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. ஒரு கோபுரம், அதிலிருந்து அலை. அந்த அலையைப் பத்து வீட்டில் பிடித்தாலும் பத்து லட்சம் வீட்டில் பிடித்தாலும் கோபுரத்தின் மின்கட்டணம் ஒன்றுதான். 1975-76இல் இஸ்ரோ, நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டு இரவல் வாங்கி, கர்நாடகம் உட்பட ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக நிகழ்ச்சிகளை அனுப்பியது. கோழிக்கூண்டுக்கு அடிப்பார்களே, அந்தக் கம்பி வலையில் செய்த பத்தடி ஆன்டெனா! இன்னொரு கிராமத்தைச் சேர்க்க வேண்டுமானால் ஒரு பெட்டியும் ஒரு வலையும் போதும். செயற்கைக்கோளுக்குக் கூடுதலாக ஒரு பைசா கிடையாது.

இணையத்தில் இது தலைகீழ். பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் சர்வர் தனித்தனியாக ஒரு பிரதி அனுப்ப வேண்டும். திருவிழா ஒலிபெருக்கியில் ஒருமுறை அறிவிப்பதற்கும், ஊரில் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டு அதையே சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் இது. 2023 நவம்பர் 19, உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் வரை பார்த்தார்கள். ஒருவருக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று சிக்கனமாக வைத்தாலும் நொடிக்கு 118 டெராபிட் (ஒரு டெராபிட் என்பது பத்து லட்சம் மெகாபிட்). கைபேசியில் பார்ப்பவர்களுக்கு அது இலவசம் வேறு. தூர்தர்ஷனுக்குக் கூட்டம் கூடினால் கொண்டாட்டம். இங்கே கூட்டம் கூடக்கூட, சர்வர் அறையில் இருப்பவனுக்கு வயிற்றைக் கலக்கும்.

இதைச் சமாளிக்க, காணொளியைச் சில நொடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் நாலைந்து தரத்தில் செய்து, பார்ப்பவருக்கு அருகிலுள்ள சர்வர்களில் இறக்கிவைக்கிறார்கள். உங்கள் வீட்டு இணைப்பு தளர்ந்தால், கைபேசி தானாகவே தரம் குறைந்த துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்; முகம் மங்கலாகும், படம் நிற்காது. ஆனால் நறுக்கிச் சேர்த்து வருவதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. சின்னசாமி ஸ்டேடியத்தில் ஆட்டம் நடக்கும்போது கப்பன் பூங்கா ஓரம் நின்று கைபேசியில் பாருங்கள். ஆரவாரம் முதலில் காதில் விழும். திரையில் பந்துவீச்சாளர் அப்போதுதான் ஓடத் தொடங்குவார். பழைய ஆன்டெனா காலத்தில் இந்த அவமானம் கிடையாது.

இந்தச் செலவைப் புத்திசாலித்தனமாக எதிர்கொண்டவர்கள் ஸ்கைப் நிறுவனர்களான நிக்லாஸ் சென்ஸ்ட்ரோமும் யானுஸ் ஃபிரீஸும். 2007இல் ‘ஜூஸ்ட்’ என்ற இணையத் தொலைக்காட்சியைக் கொண்டுவந்தார்கள். பார்ப்பவர்களின் கணினிகளே ஒன்றுக்கொன்று காணொளியைக் கைமாற்றிக்கொள்ளும். நிறுவனத்தின் சுமை குறையும். பொறியாளர்கள் நாங்கள் வாய் பிளந்து பார்த்த வேலை அது. ஆனால் அதற்குத் தனியாக ஒரு மென்பொருளை நிறுவ வேண்டியிருந்தது. யூடியூபோ உலாவியிலேயே ஓடியது. மறுபுறம், அமெரிக்கச் சானல்காரர்கள் நல்ல தொடர்களைத் தங்கள் சொந்தக் கடையான ஹூலுவுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2009 முடிவதற்குள் ஜூஸ்டின் சொத்துகள் கைமாறிவிட்டன. யூடியூபும் செலவைச் சமாளித்துப் பிழைக்கவில்லை. 2006இல் 165 கோடி டாலருக்குக் கூகுளிடம் போய், அதன் சர்வர்களின் நிழலில் ஒதுங்கியது.

பணம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்குக் ‘குவிபி’ என்ற இணையக் காணொளிச் சேவையைச் சொல்கிறேன். ஹாலிவுட்டின் ஜெஃப்ரி காட்சன்பெர்க் திரட்டியது 175 கோடி டாலர். 2020 ஏப்ரலில் திறந்தார், அதே டிசம்பரில் மூடினார். நம் பக்கம் ‘ஹூக்’ என்ற அதேபோன்ற நிறுவனத்துக்குச் சிங்டெல், சோனி, வார்னர் என மூன்று பணக்கார மாமாக்கள் இருந்தும், 2020 மார்ச்சில் கலைப்புக்கு மனுப் போட்டது. விரிவாகச் சொல்ல எதுவுமில்லை, அதே கணக்குதான்.

2022 ஏலத்தில் ஐந்தாண்டு ஐபிஎல் உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. இந்தியாவுக்கான டிஜிட்டல் உரிமையின் முதன்மைத் தொகுப்பு மட்டும் 20,500 கோடி. அதை வாங்கிய வயாகாம்18 மறு ஆண்டே ஜியோசினிமாவில் ஆட்டத்தை இலவசமாகக் காட்டியது. இப்படிப் போட்டி போட்ட ஹாட்ஸ்டார், ஜியோசினிமா என்ற இரண்டு வீடும் கடைசியில் சம்பந்தம் செய்துகொண்டு, 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் பிறந்தது. இந்தத் தட்டில் ஒரு ஸ்டார்ட்அப்புக்கு எங்கே இடம்?

தமிழுக்கென்று ஒரு ஓடிடி தொடங்கலாமா என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு நான் கொஞ்சம் கசப்பாகத்தான் பதில் சொல்வேன். பழைய படங்களின் ஒப்பந்தங்களில் இணையம் என்ற பேச்சே இராது. உரிமை யாரிடம் என்று தேடவே வக்கீல் வைக்க வேண்டும். புதிய படம் உங்கள் விலைக்குக் கட்டுப்படாது. முன்வாசலில் கடை போடாதீர்கள், பின்கட்டில் பட்டறை போடுங்கள்.

நம் ஊர் அமாகி நிறுவனத்தைப் பாருங்கள். 2008இல் தொடங்கியவர்கள் ஒரு நிகழ்ச்சிகூடத் தயாரிக்கவில்லை. நாடு முழுவதும் ஒரே சானல் ஓடும்போது, மதுரைக்கு ஒரு விளம்பரமும் மைசூருக்கு வேறொரு விளம்பரமும் காட்ட முடியுமா என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. ஒளிபரப்பில் வரும் விளம்பரத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத அடையாளத்தைப் பதித்தார்கள். கேபிள்காரரின் அறையில் இருக்கும் பெட்டி அந்த அடையாளத்தைக் கண்டதும் உள்ளூர் விளம்பரத்தை மாற்றி ஓடவிடும். உள்ளூர் ஜவுளிக்கடையும் தேசியச் சானலில் வரலாம். பிறகு அதே அனுபவத்தோடு, சானலை ஓட்டும் வேலை முழுவதையும் மேகக் கணினிக்கு (கிளவுட்) கொண்டுபோனார்கள். அமெரிக்காவில் சந்தா இல்லாமல், விளம்பரத்தோடு, நேர அட்டவணைப்படி இணையத்தில் ஓடும் இலவசச் சானல்கள் பெருகியபோது, அவற்றுக்குப் பின்கட்டு வேலை செய்ய இவர்கள் தயாராக இருந்தார்கள். 2022இல் நூறு கோடி டாலர் மதிப்பைத் தாண்டினார்கள்.

அட்டவணையும் விளம்பரமும் வேண்டாம் என்றுதானே இணையத்துக்கு வந்தோம் என்று நீங்கள் கேட்கலாம். நெட்ஃபிளிக்ஸே 2022 நவம்பரில் விளம்பரத்தோடு ஒரு திட்டம் தொடங்கிவிட்டதே! எதைப் பார்ப்பது என்று அரை மணி நேரம் தேடிக் களைத்தவர்களுக்கு, யாரோ ஒருவர் வரிசைப்படுத்திப் போட்டால் போதும் என்றாகிவிட்டது.

இதே ஊரில் தொடங்கிய சாங்க்யா லேப்ஸ் நிறுவனம் இன்னும் ஒரு படி பின்னே, அல்லது முன்னே, போனது. இணையமே இல்லாமல், ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து நேராகக் கைபேசிக்குக் காட்சி அனுப்பும் முறைக்கான சிப்பை அவர்கள் செய்திருக்கிறார்கள். தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி, ஐஐடி கான்பூர் ஆகியவையும் இந்த முயற்சியில் உண்டு. பெங்களூரிலும் டெல்லி கடமைப் பாதையிலும் நொய்டாவிலும் சோதனை நடந்தது. 5.9 கோடி பேருக்கும் ஒரே அலை. கணக்கு மறுபடி 1959க்குப் போகிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இதை எதிர்க்கின்றன. டேட்டா விற்றுப் பிழைப்பவர் எதிர்க்காமல் என்ன செய்வார்? கைபேசித் தயாரிப்பாளர்களும் கூடுதல் சிப்பினால் விலை ஏறும் என்கிறார்கள். அந்தக் கூடுதல் விலையை யார் சுமப்பது என்பது முடிவானால்தான் இது கடைக்கு வரும். என்னைக் கேட்டால், கிரிக்கெட்டுக்கும் தேர்தல் முடிவுக்கும் புயல் எச்சரிக்கைக்கும் கோபுரம், மற்றதற்கு இணையம் என்று பிரித்துக்கொள்வதே நியாயம். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் முன்வரிசையிலேயே இருவர் இருக்கிறார்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. முதல் கேள்வி அவர்களுடையதாக இருக்கட்டும்.