பக்கத்து பெஞ்சில் ஓர் ஆசிரியர்

(பத்தாம் வகுப்பு மாணவர்களும் பெற்றோரும் கூடிய பள்ளிக் கூட்டம் ஒன்றில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஆசிரியர் அவர்களே, உடன் பணிபுரியும் ஆசிரியப் பெருமக்களே, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் பெற்றோரே, முன்வரிசையில் இருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. இனி திருப்புதல் தேர்வுகள், செய்முறைத் தேர்வு, அப்புறம் பொதுத்தேர்வு. நன்றாகப் படியுங்கள் என்று உங்களிடம் தினமும் நாலு பேர் சொல்கிறார்கள். அதைத் திரும்பச் சொல்ல நான் வரவில்லை. நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அறிவியல் பாடத்தையாவது தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள். பக்கத்தில் ஒரு தோழனையோ தோழியையோ வைத்துக்கொண்டு, புத்தகத்தை மூடிவிட்டு, அவருக்குச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள்.

பெற்றோரில் சிலருக்கு இது உடனே பிடிக்காது. ‘என் மகள் நன்றாகப் படிக்கிறவள். அவள் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தால் அவள் படிப்பு என்ன ஆவது?’ என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கவலைதான். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஓட்டப்பந்தயம் கிடையாது. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பக்கத்துப் பையன் 35 எடுத்துத் தேர்ச்சி பெற்றால் உங்கள் மகளின் 95 குறையப்போவதில்லை. பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் கிடைக்கும் என்பதற்கு மதிப்பெண் பார்க்கிறார்கள், உண்மைதான். ஆனால் அந்த மதிப்பெண் கூடுவதற்கும் நான் அறிந்த நல்ல வழி, படித்ததை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் கணக்குப் போட்டே சொல்லியிருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கால் பங்குதான் மாணவனுக்கு வரும். ‘அவ்வினையாளரொடு பயில்வகை ஒருகால்’, அதாவது உடன் படிக்கிறவர்களோடு சேர்ந்து பழகும்போது இன்னொரு கால் பங்கு வரும். மீதி அரைப் பங்கு எப்போது வருகிறதாம்? பிறருக்குத் தெளிவாக எடுத்துச் சொல்லும்போது. வகுப்பில் நான் நடத்துவதற்குக் கால் பங்குதான். முக்கால் பங்கு உங்களிடமே இருக்கிறது. ஆசிரியராக இதை ஒத்துக்கொள்வதில் எனக்குச் சங்கடம் எதுவும் இல்லை. தினமும் கண்ணால் பார்ப்பதுதான்.

ஒரு நாள் பார்த்ததைச் சொல்கிறேன். ஒளியியல் பாடம். குவிலென்சின் குவியத் தொலைவு 10 செ.மீ. (அந்த இடம் F, அதைப்போல இரு மடங்கு தொலைவு 2F), பொருள் 15 செ.மீ. தொலைவில் இருக்கிறது, பிம்பம் எங்கே என்று ஒரு கணக்கு. ஒரு மாணவி 6 செ.மீ. என்று போட்டுவிட்டு நோட்டை மூடினாள். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். தப்பு என்று சொல்லவில்லை. ‘பொருள் F-க்கும் 2F-க்கும் நடுவிலே இருக்கு. அப்போ பிம்பம் எங்கே விழணும்டி?’ என்று கேட்டாள். ‘2F-ஐத் தாண்டி.’ ‘2F எவ்வளவு?’ ‘இருபது.’ ‘நீ எவ்வளவு போட்டிருக்கே?’

அவ்வளவுதான். நோட்டு மறுபடி திறந்தது. பொருளின் தொலைவுக்குக் குறைக்குறி போட மறந்திருக்கிறாள். −15 என்று பிரதியிட்டதும் பிம்பம் 30 செ.மீ. தொலைவுக்குப் போய்விட்டது. இருபதைத் தாண்டியாயிற்று, சரி.

நான் போயிருந்தால் ‘குறி தப்பு’ என்று சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். நாற்பது நோட்டு திருத்த வேண்டியவருக்கு அவ்வளவுதான் நேரம். தோழி செய்தது அதைவிடப் பெரிய வேலை. கணக்கின் விடையைக் கதிர்ப்படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வைத்தாள். அந்தப் பழக்கம் இருவருக்குமே ஒட்டிக்கொண்டது. கேள்வி கேட்டவளுக்கும் ஒரு லாபம் இருக்கிறது. பொருள் எங்கே இருந்தால் பிம்பம் எங்கே விழும் என்று அவள் மனப்பாடமாக வைத்திருந்த அட்டவணை அன்றைக்குத்தான் அவளுக்கு ஒரு கருவியாகப் பயன்பட்டது.

ஏன் ஆசிரியரைவிடப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை சொன்னால் சில விஷயங்கள் சட்டென்று புரிகின்றன? அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூர் என்று ஓர் இயற்பியல் பேராசிரியர். அவருடைய மாணவர்கள் கடினமான கணக்குகளை எல்லாம் போட்டுவிடுவார்கள். ஒரு நாள் அவர்களுக்குச் சாதாரணக் கேள்விகள் கொண்ட தேர்வு ஒன்றை வைத்தார். கனமான லாரியும் சின்ன காரும் மோதிக்கொள்கின்றன, எது எதன்மேல் அதிக விசை செலுத்துகிறது என்பது போன்ற கேள்விகள். நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்பிக்கத் தெரிந்தவர்களிலேயே பலர் தடுமாறினார்கள். ‘நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதுவதா, நாங்கள் வழக்கமாக நினைக்கிறபடி எழுதுவதா?’ என்று ஒரு மாணவர் கேட்டாராம்.

மஸூர் ஒரு கேள்வியை எடுத்துப் பல நிமிடம் விளக்கினார். வகுப்பு முழிக்கிறது. வேறு வழி தெரியாமல், உங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். ஒரே இரைச்சல். சில நிமிடங்களில் அவர்களே விடைக்கு வந்துவிட்டார்கள். 1991 முதல் அதையே தன் பாடமுறையாக ஆக்கிக்கொண்டார். ஒரு கேள்வி கொடுப்பார், ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடை சொல்ல வேண்டும், பிறகு வேறு விடை சொன்ன பக்கத்து ஆளோடு வாதாட வேண்டும், மறுபடியும் விடை சொல்ல வேண்டும். இது பலன் தருவதற்கு அவர் சொல்லும் காரணம் எளிமையானது. பேராசிரியர் அந்தப் பாடத்தைக் கற்றுப் பல காலம் ஆகிவிட்டது, எங்கே புரியாமல் இருந்தது என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும். போன வாரம் புரிந்துகொண்ட மாணவனுக்குத் தான் எங்கே இடறினோம் என்பது இன்னும் நினைவில் இருக்கும்.

அந்த லாரி–கார் கேள்வியை இன்றைக்கு மதிய உணவு இடைவேளையில் உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள். விசை இரண்டுக்கும் சமம்தான். பிறகு ஏன் கார் மட்டும் நொறுங்குகிறது? அதே விசைக்கு நிறை குறைந்த பொருளின் முடுக்கம் அதிகம். இரண்டாம் விதி வந்துவிட்டதா? அடுத்து யாராவது ஒருவன் நிச்சயம் கேட்பான்: ‘விசையும் எதிர்விசையும் சமமா எதிரெதிரா இருந்தா ரெண்டும் கழிஞ்சு பூச்சியம் ஆகணுமே?’ இரண்டும் வெவ்வேறு பொருள்கள்மீது செயல்படுகின்றன, அதனால் கழியாது. இயக்க விதிகள் பாடத்தின் பாதி இந்த ஒரு சண்டைக்குள் அடங்கிவிடும்.

தேர்வுத்தாளையும் பார்ப்போம். எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண், செய்முறை 25. எழுத்துத் தேர்வில் விட்டுவிடக்கூடிய கேள்விகள் போக நீங்கள் எழுத வேண்டியவை: ஒரு மதிப்பெண் கேள்வி 12, இரண்டு மதிப்பெண் கேள்வி 7, நான்கு மதிப்பெண் கேள்வி 7, ஏழு மதிப்பெண் கேள்வி 3. இதில் 22ஆம் கேள்வியும் 32ஆம் கேள்வியும் கட்டாயம் எழுத வேண்டியவை. பெரும்பாலும் கணக்கோ யோசித்து எழுத வேண்டியதோ அங்கேதான் வரும். பாடத்தின் முடிவில் இருக்கும் ‘புக் பேக்’ கேள்விகளை மட்டும் உருப்போட்டவர்கள் நின்றுபோகும் இடமும் அதுதான்.

உருப்போடுவதை உடைக்க நண்பனின் ஒரு ‘ஏன்’ போதும். எதிரொலி கேட்க ஒலியை எதிரொலிக்கும் பரப்பு குறைந்தது 17.2 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும் என்று எல்லோரும் எழுதுவீர்கள். ஒலி நொடிக்கு 344 மீட்டர் போகிறது, 0.1 நொடியில் 34.4 மீட்டர் போகும். அப்படியென்றால் ஏன் 34.4 என்று எழுதவில்லை? போய்த் திரும்பி வர வேண்டுமே, அதனால் பாதி. 18 கிராம் நீரில் எத்தனை மூலக்கூறுகள் என்றால் 6.023 × 10²³ என்று உடனே வரும். எத்தனை அணுக்கள் என்று கேளுங்கள். ஒரு மூலக்கூறில் மூன்று அணு என்பதை மறந்து அதே எண்ணைச் சொல்கிறவர்கள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். இதயம் படத்தில் வலது ஆரிக்கிள் ஏன் இடப்பக்கம் இருக்கிறது என்று குழம்புகிறவனிடம், புத்தகத்தை உன் நெஞ்சின்மேல் எங்களைப் பார்க்கத் திருப்பிப் பிடி என்று சொன்னால் போதும், அப்புறம் மூவிதழ் வால்வையும் ஈரிதழ் வால்வையும் மாற்றிக் குறிக்க மாட்டான்.

எப்படி உட்கார வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர், மிஞ்சினால் நாலு பேர். அதற்கு மேல் போனால் அரட்டைதான். ஒருவர் ஒரு தலைப்பைச் சொல்ல வேண்டும், புத்தகம் மூடியிருக்க வேண்டும், மற்றவர்கள் இடைமறிக்கலாம். மாட்டிக்கொண்ட இடத்தில் மட்டும் புத்தகத்தைத் திறங்கள். பேசி முடித்ததும் ஆளுக்கொரு தாளில் எழுதி மாற்றித் திருத்துங்கள். பேசத் தெரிந்ததை எல்லாம் எழுதத் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். அலகு விட்டுப்போவதும், படத்தில் பாகம் குறிக்காமல் விடுவதும், வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்யாமல் விடுவதும் அடுத்தவர் தாளைத் திருத்தும்போதுதான் கண்ணில் படும். வாட்ஸ்அப் குழு வைத்து பி.டி.எஃப்.பாக அனுப்பிக்கொண்டிருப்பதைச் சேர்ந்து படிப்பது என்று சொல்ல மாட்டேன். இருநூறு பக்கம் வந்து சேரும், ஒரு பக்கம்கூட மனதில் நிற்காது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இந்த முறைக்கு நம் ஊரில் பழைய வரலாறு இருக்கிறது. நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பான். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான காப்பகத்தின் பொறுப்புக்கு வந்த ஆண்ட்ரூ பெல், இங்குள்ள பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பி, பிள்ளைகளையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். அதைப் பற்றி அவர் 1797இல் லண்டனில் எழுதி வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் மெட்ராஸ் கல்லூரி என்ற பெயரிலேயே ஒரு பள்ளி இன்றும் இருக்கிறது. நாம் பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்க அங்கே அதை ஒரு மலிவான ஏற்பாடாகவும் ஆக்கினார்கள். சட்டாம்பிள்ளை மனப்பாடம் கேட்கிற அதிகாரியாக மாறிப்போனான். உங்கள் குழுவில் யாரும் அப்படி ஆகிவிடக் கூடாது. நன்றாகப் படிக்கிறவன் பேசிக்கொண்டே இருக்க மற்ற மூவர் தலையாட்டினால், நன்னூல் சொன்ன அந்த அரைப் பங்கும் அவனுக்கே போய்விடும். குறைவாகப் பேசுகிறவரை முதலில் பேசச் சொல்லுங்கள். அவர் திக்கினால் காத்திருங்கள்.

ஆசிரிய நண்பர்களே, இந்த இடத்தில் உங்களோடும் கொஞ்சம் பேச வேண்டும். ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பட்டியல் போடுகிறோம். அவர்கள் கையில் தேர்ச்சிக்கு மட்டும் போதுமான சுருக்கக் குறிப்பை, அதாவது மினிமம் மெட்டீரியலைக் கொடுத்து, இதை மட்டும் எழுதிப் பழகு என்கிறோம். தேர்ச்சி விழுக்காட்டுக்கு நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பையன், அவன் அப்பா வயரிங் வேலை செய்கிறவர், வகுப்பில் முதலாவதாக வரும் மாணவிக்குப் பக்க இணைப்பைச் சொல்லிக்கொடுத்ததை நான் கேட்டேன். ‘திருவிழா சீரியல் செட்டுல ஒரு பல்பு பியூஸ் போனா வரிசையே அணைஞ்சிடும். வீட்டுல அப்படியா? அடுப்படி லைட் போனா ஃபேன் நிக்குதா? ஒவ்வொண்ணுக்கும் முழு வோல்டேஜும் தனியாப் போகுது.’ அவளுக்குத் தொடர் இணைப்பு, பக்க இணைப்பு இரண்டின் சூத்திரங்களும் தெரியும், பக்க இணைப்பு வீட்டுச் சுவருக்குள் ஓடுகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவனுக்கோ, தனக்குத் தெரிந்தது பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்பதே செய்தி. அடுத்த திருப்புதல் தேர்வில் மின்னோட்டவியல் கேள்வியை அவன் விடவில்லை. அந்தப் பட்டியலை நாம் ஆசிரியர் அறையிலேயே வைத்துக்கொள்வோம், வகுப்பில் வாசிக்க வேண்டாம்.

பெற்றோரிடமும் பள்ளியிடமும் ஒரு கோரிக்கை. பையன்கள் எங்காவது கோயில் மண்டபத்திலோ மொட்டை மாடியிலோ கூடிவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளைச் சாயங்காலம் இன்னொரு வீட்டுக்கு அனுப்ப வீட்டில் தயங்குகிறார்கள். படிக்க ஓர் அறை இல்லாத வீடுகளும் நம் ஊரில் நிறைய. அதனால் பள்ளியில் ஓர் அறையை மாலை ஏழு மணி வரை திறந்து வைக்க வேண்டும். விளக்கு எரியட்டும், ஓர் ஆசிரியர் அங்கே இருக்கட்டும், அவர் பாடம் நடத்த வேண்டாம். என் முறைக்கு நான் வருகிறேன். ஆய்வகத்தையும் வாரத்தில் ஒரு நாள் திறந்தால் நல்லது. செய்முறையில் 25 மதிப்பெண் இருக்கிறது. குவிலென்சை ஒருவன் பிடிக்க, இன்னொருவன் அளவுகோலை வைக்க, ஜன்னலுக்கு வெளியே இருக்கிற மரம் சுவரில் தலைகீழாக விழுவதைப் பார்த்தவர்களுக்குக் குவியத் தொலைவு என்றால் என்ன என்று யாரும் எழுதித் தர வேண்டியதில்லை.

கடைசியாக, தேர்வு முடிவு வரும் நாளைப் பற்றி. உங்கள் குழுவில் ஒருவர் அறிவியலில் தேர்ச்சி பெறாமல் போகலாம். அன்றைக்கு மற்றவர்கள் எல்லாம் இனிப்பு வாங்கிக்கொண்டிருப்பீர்கள், அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். துணைத் தேர்வு சீக்கிரமே வந்துவிடும், விண்ணப்பிக்கக் கிடைப்பதோ சில நாட்கள்தான். அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போங்கள். விண்ணப்பத்துக்குப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வைத்துவிட்டு, அதே மூன்று நாலு பேரும் அதே அறையில் மறுபடி உட்காருங்கள். அறையைத் திறந்து வைக்கிறேன் என்று தலைமை ஆசிரியர் என்னிடம் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

நன்றி, வணக்கம்.