கொட்டேஷன் மூன்று, எழுத்துப்பிழை ஒன்று

நேயர்களுக்கு வணக்கம். கொள்முதலில் அறம் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறேன். தலைப்பைக் கேட்டதுமே சிலருடைய கை ரேடியோவின் திருகுக்குப் போயிருக்கும். கொஞ்சம் பொறுங்கள், ஒரு நாற்காலிக் கதை வைத்திருக்கிறேன்.

நான் வணிகவியல் ஆசிரியை. முப்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். அதில் ஒரு வருஷம் என்னைக் கொள்முதல் கமிட்டியில் போட்டார்கள். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். நாற்பது நாற்காலி வாங்க வேண்டும். விதிப்படி மூன்று கொட்டேஷன். மூன்றும் வந்தன. ஒன்று வடசேரி முகவரி, ஒன்று தக்கலை, ஒன்று மார்த்தாண்டம். மூன்று லெட்டர்ஹெட், மூன்று நிறம், மூன்று சீல். விலை 1,150, 1,190, 1,225 ரூபாய். குறை சொல்ல ஒன்றுமில்லை. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபோதுதான் பார்த்தேன், முதல் கடிதத்தில் 'நாற்காளி' என்று இருந்தது. பள்ளிக்கு வருகிற ள. சரி, போகட்டும் என்று இரண்டாவதை எடுத்தால், அதிலும் நாற்காளி. மூன்றாவதிலும் நாற்காளி.

வடசேரிக்காரருக்குத் தமிழ் தகராறாக இருக்கலாம். தக்கலைக்காரருக்கும் இருக்கலாம். மூன்று பேருக்கும் ஒரே இடத்தில் ஒரே தகராறு வருமா? ஆபீஸில் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர் பதறவே இல்லை. "டீச்சர், மூணு கொட்டேஷன் வேணும்னுதானே ரூல்? மூணு இருக்குல்லா?" என்றார்.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? கையெழுத்துப் போட்டேன். பரீட்சை நெருங்குகிறது, பிள்ளைகள் உட்கார இடமில்லை, சண்டை போட எனக்குத் தைரியமும் இல்லை. அந்த நாற்பதில் ஒன்று என் அறைக்கே வந்து சேர்ந்தது. முன்னங்கால் ஒன்று ஆடும். பழைய விடைத்தாளை நாலாக மடித்து முட்டுக் கொடுத்து, ஓய்வு பெறும் வரை அதிலேயே உட்கார்ந்திருந்தேன். கொள்முதல் அறம் பற்றிய ஆய்வுகளை நான் படிக்கத் தொடங்கியதும் அதில் உட்கார்ந்துதான்.

டெண்டர்களில் ஒளிவுமறைவு கூடாது என்று தமிழ்நாட்டில் 1998இல் சட்டமே வந்துவிட்டது. வாங்குகிறவர் கை சுத்தமா என்பது இந்தத் துறையின் பழைய கேள்வி. அதற்குப் பிறகு இன்னொரு கேள்வி வந்தது. வாங்குகிற பண்டம் யாருடைய உழைப்பில், எந்த நிலைமையில், எந்தத் தண்ணீரைக் கெடுத்து உருவானது? ஜெர்மனியைச் சேர்ந்த ஸ்டெஃபான் சோயரிங், மார்ட்டின் முல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994 முதல் 2007 வரை இதைப் பற்றி வந்த 191 கட்டுரைகளைத் திரட்டிப் பார்த்து, 2008இல் எழுதினார்கள். அந்தக் கட்டுரைகள் பெரும்பாலும் சுற்றுச்சூழலைப் பற்றியே பேசுகின்றன, மனிதர் பாடு பற்றிய பேச்சு குறைவு என்பது அவர்கள் கண்டது. அதைப் படித்தபோது எனக்கு எங்கள் மைனியின், அதாவது அண்ணியின், கைதான் ஞாபகம் வந்தது.

மைனி கருங்கல் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில் வேலை பார்த்தாள். வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரித் தொழிற்சாலையை நாங்கள் அண்டி ஆபீஸ் என்போம். ஆப்பிரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் அண்டியை இங்கே உடைத்து, தோல் எடுத்து, தரம் பிரித்து அனுப்புவார்கள். அண்டித் தோட்டில் ஒரு எண்ணெய் உண்டு, தோலைப் பொசுக்கிவிடும். அதற்குப் பயந்து கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு உட்காருவார்கள். எடைக்குத்தான் கூலி. கல்யாண வீட்டில் மைனி சோற்றைப் பிசைந்தால் பக்கத்து இலைக்காரர்கள் அவள் விரலைப் பார்ப்பார்கள். கரி அப்பியது போல இருக்கும், சோப்புக்குப் போகாது. அவள் இடது கையை மடியில் மறைத்துக்கொள்வாள், வலது கையை எங்கே மறைப்பது?

ஒருநாள் வெளிநாட்டுப் பார்ட்டி பார்வையிட வருகிறது என்று எல்லாருக்கும் புதுக் கையுறை கொடுத்தார்களாம். மைனிக்கு ஒரே சந்தோஷம். சாயங்காலம் வாசலில் ஒரு பெட்டி வைத்து, எண்ணி எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நாற்காளிக் கடிதமும் இந்தக் கையுறையும் எனக்கு ஒன்றாகத்தான் படுகின்றன. தாளில் எல்லாம் சரி.

இதைப் பெரிய அளவில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ரிச்சர்ட் லாக் என்ற பேராசிரியரும் அவருடன் இருந்தவர்களும், நைக் கம்பெனிக்கு வேலை செய்யும் 51 நாடுகளின் 800க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளில் வேலை நிலைமையைப் பார்வையிட்டு எழுதிய தணிக்கை அறிக்கைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். 1998 முதல் 2005 வரையிலான அறிக்கைகள். அந்தக் கம்பெனி பணமும் ஆளும் போட்டுத்தான் தணிக்கை செய்தது. இருந்தும் கிட்டத்தட்ட 80 சதவீதத் தொழிற்சாலைகளில் நிலைமை அப்படியே இருந்தது, அல்லது மோசமானது. வேலையை ஒழுங்காகத் திட்டமிடவும் தரத்தைக் கூட்டவும் கூடவே நின்று உதவிய இடங்களில்தான் முன்னேற்றம் தெரிந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் செத்தார்களே, அந்தக் கட்டடத்துக்குள்ளும் தணிக்கைக்காரர்கள் வந்து போன தொழிற்சாலைகள் இருந்தன. முந்தின நாளே சுவரில் விரிசல் விட்டிருந்தது.

சரி, தொழிற்சாலைக்காரர்தான் பாவியா? இங்கேதான் நான் எப்போதும் சண்டைக்கு நிற்பேன். நாம் பிளவுஸ் தைக்கக் கொடுப்பதைப் பாருங்கள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் துணியைக் கொண்டு கொடுப்போம். மறுநாள் போன் பண்ணி, "அக்கா, கழுத்து டிசைன் மாத்தணும்" என்போம். அந்த அக்கா ராத்திரி முழித்துத் தைப்பாள். கூலி கேட்டால் போன வருஷத்து விலையைச் சொல்வோம். அவள் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று தணிக்கை செய்ய வேறு யாராவது வர வேண்டுமா? பெரிய கம்பெனிகள் செய்வதும் இதே பிளவுஸ் வேலைதான், அளவுதான் பெரிது. உலகத் தொழிலாளர் அமைப்பு, அதாவது ஐ.எல்.ஓ., 87 நாடுகளில் 1,454 சப்ளையர்களிடம் கேட்டு 2017இல் வெளியிட்ட அறிக்கையில், 39 சதவீதம் பேர் செலவுக்குக்கூடக் கட்டாத விலையில் ஆர்டர் எடுத்திருப்பதாகச் சொன்னார்கள். போதுமான நாள் அவகாசம் கிடைக்கிறது என்றவர்கள் 17 சதவீதம்தான். செலவுக்குக் கட்டாத விலைக்கு எடுத்தவர் அதை எங்கே போய் ஈடுகட்டுவார்? கையுறையில் ஈடுகட்டுவார். அதனால்தான் சொல்கிறேன், திரும்பத் திரும்பச் சொல்கிறேன், விற்கிறவனைத் துருவுவதற்கு முன்னால் வாங்குகிறவனின் ஆர்டர் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.

நேரமாகிறது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். ரப்பரைச் சொல்லாமல் போனால் ரப்பர் விளைகிற குலசேகரம், பேச்சிப்பாறைக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்திலிருந்து வந்த ரப்பர் அங்கே நுழையக்கூடாது. எந்த நிலம் என்பதை வரைபடப் புள்ளியோடு காட்ட வேண்டும். தொடங்கும் நாளைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், அது வேறு. காடு நல்லது, சட்டமும் நல்லதுதான். ஆனால் நம்மிடம் ஒரு ஏக்கர், அரை ஏக்கர்க்காரர்களின் ரப்பர் ஷீட்டும், உறைந்து ஒட்டிய ஒட்டுப்பாலும் ஒரே கடையில் ஒரே அட்டியில், அதாவது ஒரே அடுக்கில், விழுகின்றன. எது யாருடையது என்று பிரித்துக் கணக்கு வைக்கிற செலவு டயர் கம்பெனி தலையில் ஏறுமா, விடியும் முன் பால் வெட்டப் போகிறவர் தலையில் ஏறுமா?

இன்னும் ஒரு நிமிடம் என்கிறார்கள். குறு, சிறு தொழில்காரர்களுக்குப் பணத்தை 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பட்டறை வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன், நாற்காலி அதைத் தின்றுவிட்டது. வணக்கம்.